காரணம், ஒரு வரிக்குள்

பிரசவ வைராக்கியம் பெற்றவளுக்கு மட்டுமல்ல,
பிடித்தவனுக்கும் உண்டு.
ஒவ்வோர் இரவுப் பணி முடிந்தும்
பேங்கர் மருத்துவமனை வாசலில் நின்று
இதோடு போதும் என்பேன்.
தேநீர் இயந்திரம் கோப்பையை நிரப்புவதற்குள்
மறந்துபோகும்.

நவம்பரில் ஒரு காலை மட்டும் மறக்கவில்லை.
ரவுண்டானாவில் கண்விழித்தேன்.
கால் பிரேக்கின் மேல் இருந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு கை தூரத்தில்,
ஆட்டு லாரியின் கம்பிகளுக்கு நடுவே
ஒரு முகம் அசைபோட்டுக்கொண்டிருந்தது.
எந்த இடத்தில் தூங்கினேன் என்பது
அதற்குத்தான் தெரியும்.

படிவம் எட்டுப் பக்கம்.
குழந்தை வளர்ப்பா? நோயா? பெற்றோரைக் கவனிக்கவா?
மூன்று கட்டத்திலும் எனக்கு இடமில்லை.
நான்காவது: மற்றவை. காரணம், ஒரு வரிக்குள்.
"தூங்க" என்று எழுதி அழித்தேன்.
"ஆடு" என்று எழுதி, சிரித்து, அதையும் அழித்தேன்.
கடைசியில் அனுப்பியது:
"வண்டி ஓட்டி வீடு போய்ச் சேர."

அனுமதி வந்தது. வாரம் மூன்று நாள்.
சம்பளத்தில் அறுபது, இரவுகளில் அறுபது,
தேர்வுக் கட்டணம் மட்டும் முழு நூறு.
நான் நிபுணன் ஆகும் ஆண்டு
இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்றுக்கு
நகர்ந்து உட்கார்ந்துகொண்டது,
ரயிலில் தள்ளி உட்காருகிறவரைப் போல,
முகம் பாராமல்.

தெக்வென், என்னோடு சேர்ந்தவள்,
இரட்டைப் பிள்ளைகளுக்காக எண்பதில் இருப்பவள்,
பணிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"உனக்குத்தான் பிள்ளையே இல்லையே, கெதின்?"
நான் விட்ட வெள்ளி இரவு
அவள் தலையில் விழுந்திருந்தது.
அவள் கேட்டதில் தப்பில்லை.
கடிக்காமல் விட்டுப்போன அவளுடைய சாண்ட்விச்சைக்
குளிர்பெட்டியில் எடுத்து வைத்தேன்,
பெயர் எழுதி. வேறென்ன செய்ய.

முதல் வியாழன்.
கழுத்தில் அடையாள அட்டையோடு
அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.
கழற்றிவிட்டு மெனாய் நீரிணைக்குப் போனேன். வற்றம்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
இங்கே ஆறு இல்லை, கடல். மற்றபடி அதேதான்.
போன் சட்டைப் பையில் சும்மா இருந்தது.
அந்தச் சும்மாவைத் தாங்க முடியவில்லை.
நேற்று மாலை வலி வரவழைக்க மருந்து வைத்தேனே,
ஹெலெத், வீங்கிய கணுக்கால்காரி,
இப்போது எத்தனை சென்டிமீட்டர்?
யார் கை?
மணல்புழு விட்டுப்போன சுருள்களை எண்ணினேன்.
இருநூறில் விட்டுவிட்டேன்.
வீடு திரும்பிப் பதினோரு மணி நேரம் தூங்கினேன்.
கனவென்று எதுவும் வரவில்லை, நன்றி.

திங்களன்றும் அவள் வார்டில்தான் இருந்தாள்,
ரத்த அழுத்தம் இறங்காமல்.
வியாழன் மூன்று மணிக்குப் பிறந்தானாம்.
தெக்வெனின் தையல்.
என்னுடையதைவிடச் சுத்தம்.
"நீங்கள் வருவீர்கள் என்று பார்த்தேன்" என்றாள்.
மன்னிப்பு நுனிநாக்குவரை வந்து நின்றது.
"வியாழன் எனக்கு வேலை இல்லை" என்றேன்.

ஹெலெத் கார்னார்வன் தடத்தில் பேருந்து ஓட்டுபவள்.
"எங்களுக்கு ஐந்தரை மணி நேரம்தான்.
அதற்கு மேல் இடைவேளை இல்லாமல் ஓட்டினால்
டிப்போவில் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.
பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே."
பிள்ளையை இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றினாள்.
"உங்களை யார் விசாரிப்பார்கள்?"

அவள் கையில் பட்டையைச் சுற்றினேன்.
காற்று ஏறி இறங்கும்வரை
இருவரும் பேசவில்லை.
நூற்று நாற்பத்தெட்டு.
எழுதிக்கொண்டேன்.
பையன் கொட்டாவி விட்டான்,
முகம் முழுக்க வாயாக,
யாரையும் கேட்காமல்.